செய்தியில் படத்தின் பெயர், புத்தகத்தின் பெயர்: குறி போடுவதும் உருபு சேர்ப்பதும்

“கோவில் நடித்தவர்” என்று ஒரு வரி அச்சேறினால், கோயிலில் நாடகம் போட்டவரைச் சொல்கிறார்களா, 2011இல் வந்த ‘கோ’ படத்தில் நடித்தவரைச் சொல்கிறார்களா என்று வாசகர் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். “‘கோ’வில் நடித்தவர்” என்று குறி போட்டாலும் கண் ஒரு நொடி தடுக்கிக்கொள்ளும். “‘கோ’ படத்தில் நடித்தவர்” என்று எழுதினால் தகராறே இல்லை. தலைப்பைச் சுற்றி வேலி போடுவது, வேலிக்கு வெளியே அது படமா நாவலா என்று ஒரு வகைச்சொல் வைப்பது, வேற்றுமை உருபை (ஐ, கு, இல் போன்றவற்றை) அந்தச் சொல்லின் தலையில் ஏற்றுவது. படைப்புகளின் பெயரைச் செய்தியில் எழுதும்போது வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த மூன்றில் தீர்ந்துவிடும்.

ஆங்கிலத்தில் எழுதுபவருக்குப் பெரிய எழுத்து என்றொரு வசதி உண்டு. குறி விட்டுப்போனாலும் இது ஏதோ ஒன்றின் பெயர் என்று எழுத்தே காட்டிக்கொடுக்கும். தமிழில் அந்த வசதி கிடையாது. நாயகன், முதல்வன், இந்தியன், இருவர், பசி, வீடு எல்லாம் அன்றாடம் புழங்கும் சொற்கள்; எல்லாமே படங்களின் பெயர்களும்கூட. அதனால் மேற்கோள்குறி நமக்கு அலங்காரமல்ல, வாக்கியத்தின் பொருளே அதில்தான் தொங்குகிறது.

ஒற்றையா, இரட்டையா, சாய்வெழுத்தா

ஒற்றைக் குறி தலைப்புக்கு, இரட்டைக் குறி பேச்சுக்கு. தமிழ் இதழ்களில் பெரும்பாலும் பழகிவந்திருப்பது இதுதான். மாற்றக் காரணம் எதுவுமில்லை. ஒருவர் பேசியதற்குள் தலைப்பு வந்தாலும் இரண்டும் முட்டிக்கொள்ளாது:

“நான் முதலில் பார்த்தது ‘பராசக்தி’ படம்தான்” என்றார்.

பேச்சே தலைப்பில் தொடங்கினால் இரட்டையும் ஒற்றையும் ஒட்டி நின்று மூன்று கோடுகளாகத் தெரியும். அப்போது வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, தலைப்பை நடுவுக்குத் தள்ளுங்கள். பேசியவரின் சொல்லை மாற்றக் கூடாது என்றால், முதல் சில சொற்களை மட்டும் மறைமுகக் கூற்றாக்கி, மீதியை மேற்கோளாக விடுங்கள்.

ஆங்கில நூல்களில் புத்தகப் பெயர்களைச் சாய்வெழுத்தில் பார்த்திருப்பீர்கள். சிகாகோ நடைக் கையேட்டின் முறை அது: புத்தகம், படம் போன்ற முழுப் படைப்பு சாய்வில், சிறுகதை, பாட்டு போன்ற சிறு படைப்பு மேற்கோள்குறிக்குள். ஆனால் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் முறையில் சாய்வெழுத்தே இல்லை, படமானாலும் பாட்டானாலும் குறிதான். தந்தி இயந்திரம் வழியாகச் செய்தி அனுப்பிய காலத்தில் சாய்வெழுத்தை அனுப்ப வழியில்லாமல் இருந்தது. அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது.

தமிழ்ச் செய்திக்கும் குறியே பொருந்தும், ஆனால் காரணம் வேறு. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனியாக வரைந்த சாய்வு வடிவம் கிடையாது. மென்பொருள் நேரெழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது. சிறிய அளவில் அச்சடிக்கும்போது டி-டீ, ரி-ரீ வேறுபாடு மங்கிப்போகும், கொம்பு பக்கத்து எழுத்தில் இடிக்கும். இணையத்தில் இன்னொரு தொல்லை: செய்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சாய்வு உதிர்ந்துவிடும், குறி மட்டும் தங்கும். தடித்த எழுத்தும் வேண்டாம். பக்கத்தைத் திறந்ததும் கண் அங்கே போய் நிற்கும். ஒரு திரை விமர்சனத்தில் எட்டுப் படங்களின் பெயர்கள் தடித்து நின்றால் பக்கம் அம்மை போட்டதுபோல் ஆகிவிடும்.

எதற்குக் குறி வேண்டாம்

படம், நாவல், சிறுகதை, தொகுப்பு, நாடகம், பாட்டு, ஆல்பம், தொலைக்காட்சித் தொடர், ஓவியர் பெயர் வைத்த ஓவியம், கண்காட்சியின் பெயர் எல்லாவற்றுக்கும் குறி உண்டு. யோசிக்க வேண்டியது விலக்குகளைத்தான்.

திருக்குறள், சிலப்பதிகாரம், புறநானூறு, கம்பராமாயணம், பைபிள், குர்ஆன் போன்றவற்றுக்குக் குறி போட வேண்டாம். அந்தப் பெயர்களுக்கு வேறு பொருள் கிடையாது, வாசகர் தடுமாற இடமில்லை. அகராதி, கலைக்களஞ்சியம், அரசிதழ் ஆகியவற்றுக்கும் அப்படியே. சட்டங்கள் படைப்புகளல்ல. ராகம், தாளத்தின் பெயர்களுக்கும் குறி கிடையாது: கல்யாணி, தோடி, ஆதி. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு போன்றவை பின்னால் வந்தவர்கள் அடையாளத்துக்காக வைத்த பெயர்கள். அவற்றையும் வெறுமனே எழுதலாம்.

நாளிதழ், வார இதழ்களின் பெயரில் கொஞ்சம் நெகிழ்வு தேவை. தினமணி, தினத்தந்தி என்றால் யாருக்கும் புரியும், குறி வேண்டாம். ஆனால் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய இதழின் பெயர் ‘எழுத்து’. குறியில்லாமல் “எழுத்தில் எழுதியவர்கள்” என்று எழுதிப் பாருங்கள். கல்கி இன்னும் மோசம்: எழுத்தாளரின் பெயர் கல்கி, 1941இல் அவர் தொடங்கிய இதழ் கல்கி, 1996இல் கே. பாலசந்தர் இயக்கிய படமும் கல்கி. ஆளுக்குக் குறியில்லை, மற்ற இரண்டுக்கும் குறியும் வகைச்சொல்லும் உண்டு: கல்கி எழுதியது, ‘கல்கி’ இதழில் வந்தது, ‘கல்கி’ படத்தில் இருந்தது. ஒரே கட்டுரையில் ஓர் இதழுக்குக் குறி போட்டால் மற்ற இதழ்களுக்கும் போட்டுவிடுங்கள். பாதிக்குப் போட்டு பாதிக்கு விட்டால் பிழைபோலத் தெரியும்.

வேற்றுமை உருபு: அதிகம் சறுக்கும் இடம்

இ, ஈ, ஐ என்று முடியும் தலைப்புக்குப் பின் யகரமும், ஆ, ஓ என்று முடிவதற்குப் பின் வகரமும் உடம்படுமெய்யாக வரும். அந்த மெய் தலைப்பின் பகுதியல்ல, அதனால் குறிக்கு வெளியே நிற்க வேண்டும்: ‘தளபதி’யில், ‘பராசக்தி’யை, ‘ரோஜா’வில். குறிக்கும் உருபுக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. “‘தளபதி’ யில்” என்று பக்க வடிவமைப்பில் பிரிந்துபோவது அடிக்கடி நடக்கிற விபத்து.

இந்த வகைத் தலைப்புகளில் உருபை நேராக ஒட்டலாம், படிக்கவும் சரளமாக இருக்கும். மற்ற தலைப்புகளில்தான் வம்பு.

மெய்யெழுத்தில் முடியும் தலைப்பில் உருபு கடைசி எழுத்தோடு கலந்துவிடும். நாயகன், இல் இரண்டும் சேர்ந்தால் நாயகனில். குறியை எங்கே மூடுவது? “‘நாயக’னில்” என்று எழுதும் வழக்கம் உண்டு. அது படத்தின் பெயரை வெட்டுகிறது. அப்படி ஒரு படமே இல்லை. “‘நாயகனி’ல்” இன்னும் விகாரம். “‘நாயகன்’இல்” இலக்கணத்துக்கும் ஒட்டாது, நாக்குக்கும் ஒட்டாது. மகரத்தில் முடிந்தால் உருபுக்கு முன் அத்துச் சாரியை வேறு நுழையும்: ஆடுகளம் ஆடுகளத்தில் ஆகிவிடும். குற்றியலுகரத்தில் முடிந்தால் சொல்லே மாறிப்போகும். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தை “வீட்டில் நடித்தவர்” என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? பாரதியின் ‘குயில் பாட்டு’ உருபு ஏற்றால் பாட்டில் ஆகி, கண்ணாடிப் பாட்டிலை நினைவூட்டும்.

இத்தனைக்கும் ஒரே மருந்து வகைச்சொல். ‘நாயகன்’ படத்தில், ‘ஆடுகளம்’ படத்தை, ‘வீடு’ படத்துக்கு, ‘குயில் பாட்டு’ காவியத்தில். தலைப்பு முழுதாக நிற்கும், உருபு தனக்குப் பழகிய சொல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணில் முடியும் தலைப்புகளுக்கும் இதுவே: “‘96’-ல்”, “‘இந்தியன் 2’வில்” என்றெல்லாம் மல்லுக்கட்டாமல் ‘96’ படத்தில், ‘இந்தியன் 2’ படத்தில் என்று எழுதுங்கள்.

வகைச்சொல் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் சலிக்கும், உண்மைதான். முதல் முறை தலைப்போடு வகையைச் சொல்லிவிட்டால், அடுத்த வாக்கியங்களில் “இந்தப் படம்”, “நாவல்” என்றே எழுதலாம். தலைப்பை ஒரு பத்தியில் ஒரு முறைக்கு மேல் சொல்ல வேண்டிய தேவை அபூர்வம்.

தலைப்புக்கும் வகைச்சொல்லுக்கும் நடுவே வல்லினம் மிகுமா என்ற கேள்வி மெய்ப்புத் திருத்துபவரிடமிருந்து வரும். குறி மூடிய இடத்தில் ஒற்று போட வேண்டாம்: ‘பசி’ படம், ‘ரோஜா’ படம். “‘பசி’ப் படம்” என்று போட்டால் ஒற்று அந்தரத்தில் தொங்கும். ஆனால் உருபு ஏற்ற பிறகு வழக்கமான விதி திரும்பிவிடும்: ‘ரோஜா’வைப் பார்த்தவர்கள், ‘தளபதி’க்குக் கிடைத்த வரவேற்பு.

வினைமுற்றையும் கவனியுங்கள். தலைப்பு பன்மையாக இருந்தாலும் ஆளைக் குறித்தாலும் படைப்பு ஒன்றன்பால்தான். ‘உதிரிப்பூக்கள்’ வெளியானது, வெளியாயின அல்ல. ‘இருவர்’ வெளியானது, வெளியாயினர் அல்ல.

தலைப்பைத் திருத்தாதீர்கள்

சந்திப்பிழை பார்த்துப் பழகிய கை, தலைப்புக்குள்ளும் புகுந்துவிடும். 2012இல் வந்த ஒரு படத்தின் பெயர் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’. அதை ‘நடுவில் கொஞ்சம் பக்கத்தைக் காணோம்’ என்று ‘செம்மைப்படுத்தினால்’ படத்தின் பெயர் தவறாகிவிடும். ஒற்று விட்டுப்போனது, பேச்சு வழக்கு, வடமொழி எழுத்து, எண்ணா எழுத்தா என்பது எல்லாம் படைத்தவர் முடிவு. ‘சென்னை 600028’, ‘வழக்கு எண் 18/9’, ‘7ஜி ரெயின்போ காலனி’ இவற்றில் எண்களை எழுத்தாக விரிக்கக் கூடாது.

சரியான வடிவத்துக்கு எங்கே பார்ப்பது? புத்தகத்துக்கு மேலட்டையை நம்பாதீர்கள். அட்டை ஓவியர் சொல்லை உடைத்திருப்பார், சேர்த்திருப்பார். உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்துப் பதிப்பு விவரத்தையும் பாருங்கள். படத்துக்குப் போஸ்டரைவிடத் தணிக்கைச் சான்றிதழும் படத்தில் ஓடும் பெயர் அட்டையும் மேல். பாட்டுக்கு இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட பட்டியல். இணையத்தில் தேடி முதலில் வருவதை எடுத்துப் போட்டால், யாரோ செய்த பிழையை நீங்களும் சுமப்பீர்கள்.

பெயரே மாறிய படங்களும் உண்டு. தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006இல் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு அறிவித்தபோது, தயாரிப்பில் இருந்த சில படங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. ‘ஜில்லுனு ஒரு காதல்’ ‘சில்லுனு ஒரு காதல்’ ஆனது அப்போதுதான். பழைய செய்திகளைத் தோண்டினால் இரண்டு வடிவமும் கிடைக்கும். வெளியான பெயரையே எழுதுங்கள். பெயர் மாற்றமே செய்தியானால் மட்டும் பழையதைச் சொல்லுங்கள்.

நீண்ட பெயரைச் சுருக்குவது இன்னொன்று. முதல் முறை முழுப்பெயர், அதன் பிறகே சுருக்கம். சுருக்கமும் படக்குழு பயன்படுத்துவதாக இருக்கட்டும். ரசிகர்கள் வைத்த எழுத்துச் சுருக்கம் பேட்டியில் பேச்சாக வந்தால் போதும்.

ஒரே பெயரில் இரண்டு மூன்று

‘எதிர்நீச்சல்’ என்று 1968இல் ஒரு படம், 2013இல் சம்பந்தமில்லாத இன்னொரு படம், 2022இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடர். ‘விக்ரம்’ 1986இலும் உண்டு, 2022இலும் உண்டு. வகையும் ஆண்டும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமையாகும். எழுதும் வரிசை இப்படி இருக்கட்டும்: படைத்தவரும் அவர் வேலையும், தலைப்பு, வகை, அடைப்புக்குள் ஆண்டு.

மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ படம் (1979)
கி. ராஜநாராயணன் எழுதிய ‘கோபல்ல கிராமம்’ நாவல்

“இயக்கிய”, “எழுதிய”, “இசையமைத்த” என்ற சொற்களை விட்டுவிட்டு “இன்னாரின்” என்று மட்டும் எழுதினால், சினிமாச் செய்தியில் அது நடிகரா இயக்குநரா தயாரிப்பாளரா என்று தெரியாது. நம் ஊரில் கதாநாயகன் பெயரில்தான் படத்தைச் சொல்கிறோம் என்பதால் இந்தக் குழப்பம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடக்கிறது.

கதை வடிவம் மாறும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதை. அதன் தொடர்ச்சியாக அவர் எழுதிய நாவல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அந்த நாவலைப் பீம்சிங் படமாக்கினார். 2022இல் அதே பெயரில் வந்த படமோ வேறு கதை. இதில் வகைச்சொல் ஒன்று விட்டுப்போனாலும், நாவலுக்குக் கிடைத்த சாகித்ய அகாதெமி விருது படத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

வேறு மொழிப் படைப்புகள்

மொழிபெயர்ப்பு தமிழில் புத்தகமாக வந்திருந்தால் அந்தப் பெயரை எழுதுங்கள். மார்க்கேஸின் நாவல் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்று அச்சில் இருக்கும்போது நீங்கள் புதிதாக ஒரு பெயர் வைக்க வேண்டாம். தமிழில் வராத நூல் என்றால் மூலப்பெயரை ஒலிபெயர்த்துக் குறிக்குள் போட்டு, பொருள் தேவைப்பட்டால் குறியில்லாமல் விளக்குங்கள். குறிக்குள் உங்கள் மொழிபெயர்ப்பை வைத்தால் அப்படி ஒரு தமிழ் நூல் இருப்பதாக வாசகர் கடைக்குப் போய்க் கேட்பார்.

தலைகீழாக நடப்பதுதான் பெரிய அவமானம். பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’ நாவலை ஜனனி கண்ணன் ஆங்கிலத்தில் ‘ஃபயர் பேர்ட்’ என்று மொழிபெயர்த்தார். 2023இல் அதற்கு ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது. இப்படிச் செய்தி ஆங்கிலத்தில் வரும்போது, டெஸ்க்கில் அவசரமாக ‘நெருப்புப் பறவை’ என்று மாற்றிவிட்டால், தமிழில் எழுதிய நாவலின் பெயரைத் தமிழ்ப் பத்திரிகையே தவறாகப் போட்டதாகும். இந்திய ஆசிரியரின் பெயரோடு ஆங்கிலத் தலைப்பு வந்தால், மூலம் எந்த மொழி என்று முதலில் பாருங்கள்.

பாட்டும் கவிதையும்

திரைப்பாடலுக்குத் தனித் தலைப்பு அபூர்வம். பல்லவியின் முதல் சில சொற்களே பெயர். இரண்டு முதல் நான்கு சொற்கள் போதும், பொருள் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். கர்நாடக இசை விமர்சனத்திலும் அப்படியே: தொடக்கச் சொற்கள் குறிக்குள், ராகமும் தாளமும் வெளியே. ‘வாதாபி கணபதிம்’ (ஹம்ஸத்வனி, ஆதி). பாடலும் படமும் ஒரே வரியில் வந்தால் இரண்டுக்கும் ஒரே ஒற்றைக் குறிதான், வகைச்சொல்லே பிரித்துக்காட்டும்: ‘அலைபாயுதே’ படத்தில் வரும் ‘அலைபாயுதே கண்ணா’ பாடல்.

சங்கப் பாடல்களுக்குத் தலைப்பில்லை, எண்தான்: புறநானூறு 192, குறுந்தொகை 40. குறளுக்கு எண் மட்டும் போதும். அதிகாரம் சொன்னால் அதற்கும் குறி வேண்டாம்: கல்வி அதிகாரம், குறள் 391. பாடல் வரியை மேற்கோள் காட்டும்போது அது தலைப்பல்ல, எடுத்தாண்ட பகுதி. அதனால் இரட்டைக் குறி.

ஆள் பெயரில் ஒட்டிக்கொண்ட படங்கள்

வெண்ணிற ஆடை மூர்த்தி, நிழல்கள் ரவி, தலைவாசல் விஜய். அறிமுகமான படம் பெயரின் முன்னொட்டாகவே ஆகிவிட்டது. ‘நிழல்கள்’ ரவி என்று குறி போடுவது பழைய சினிமா இதழ்களின் பழக்கம். இன்றைக்கு அது அவர் பெயர்; குறி வேண்டாம். படத்தையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் வேறுபாடு பயன்படும்: ‘நிழல்கள்’ (1980) படத்தில் நடித்த நிழல்கள் ரவி. நடிகர் திலகம், மக்கள் திலகம் போன்ற பட்டங்களுக்கும் குறியை விட்டுவிட்டால், ஒற்றைக் குறி பார்த்த இடமெல்லாம் படைப்பு என்று வாசகருக்குப் பழகும். கிண்டலுக்காகச் சொல்லைக் குறிக்குள் போடும் வழக்கத்தையும் சினிமாப் பக்கத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். மேலே ‘செம்மைப்படுத்தினால்’ என்று போட்டிருப்பது அந்தத் தப்புக்கு ஒரு மாதிரி.

தலைப்புச் செய்தி, ஸ்க்ரோல், செய்தி வாசிப்பு

இடம் குறுகும்போது முதலில் பறிபோவது வகைச்சொல். தொலைக்காட்சி ஸ்க்ரோலில் குறியும் போய்விடும். இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். “இந்தியன் வெற்றி” என்று ஓடினால் கிரிக்கெட்டா சினிமாவா? பல நாளிதழ்கள் தலைப்புச் செய்தியில் பேச்சுக்கும் ஒற்றைக் குறியே போடுகின்றன. அங்கே படத்தின் பெயரும் வந்தால், பேச்சுக்குக் குறியை விட்டு, பேசியவர் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வையுங்கள்.

வாசிப்பவருக்கு எழுதும்போது குறி காதில் விழாது என்பதை நினைவில் வையுங்கள். “‘பசி’யில் நடித்தவர்” தாளில் சரி, வானொலியில் பட்டினியோடு நடித்தவர் ஆகிவிடுவார்.

தட்டச்சில்

நேர்க்கோட்டுக் குறியைவிட வளைந்த குறி நல்லது. எது தொடக்கம், எது முடிவு என்று தெரியும். விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண்பலகையில் 0145 தட்டினால் தொடக்க ஒற்றைக் குறி, 0146 முடிவுக் குறி. இரட்டைக்கு 0147, 0148. கைப்பேசியில் குறி விசையை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் வளைந்தவை மேலே வரும்.

வேர்டு தானாகக் குறியை வளைக்கும்போது, நீண்ட கோட்டுக்குப் (—) பின்னால் தொடக்கக் குறிக்குப் பதில் முடிவுக் குறியைப் போட்டுவிடும். கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, குறியைத் தட்டி, பிறகு இடைவெளியை அழித்தால் சரியாகும். ‘இந்தியன் 2’ போன்ற பெயரில் எண் மட்டும் அடுத்த வரிக்கு ஓடாமலிருக்க, நடுவில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி உடையாத இடைவெளி போடுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்த கட்டுரையை யூனிகோடுக்கு மாற்றினால் குறிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்த எழுத்துருக்களில் நிறுத்தற்குறி விசைகளில் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். பாமினியில் காற்புள்ளி விசை இகரம், அரைப்புள்ளி விசை மெய்ப்புள்ளி. மாற்றும்போது தலைப்பின் ஓரத்தில் ஓர் எழுத்து முளைப்பதும் குறி காணாமல்போவதும் சகஜம்.

மெய்ப்பு முடிந்ததும் தேடல் பெட்டியில் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் தனித்தனியே தேடி எண்ணிக்கை பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் எங்கோ ஒரு தலைப்பு திறந்தே கிடக்கிறது. படக்குறிப்புகளையும் பெட்டிச் செய்திகளையும் அதே தேடலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை வேறு கோப்பில் இருந்து கடைசி நேரத்தில் வருவதால் கட்டுரையில் ‘உதிரிப்பூக்கள்’, படத்துக்குக் கீழே ‘உதிரிப் பூக்கள்’ என்று இரண்டு விதமாக அச்சாகிவிடும்.